குகைகளும் குழந்தைகளின் நிலவியல் கல்வியும்

நிலத்துக்கு அடியிலோ மலைச்சரிவிலோ இயற்கையாக உருவாகி, ஒரு மனிதர் உள்ளே நுழையும் அளவுக்கு இடம் கொண்ட வெற்றிடமே குகை. மனிதர் உளியால் குடைந்த கோயில்களும் பேச்சுவழக்கில் குகை எனப்பட்டாலும் அவை குடைவரைகள். எந்தக் குகையின் முன் நின்றாலும் குழந்தை முதலில் கேட்க வேண்டியது, இதை உருவாக்கியது எது என்ற கேள்விதான். நீரா, நெருப்புக் குழம்பா, அலையா, மனிதக் கையா என்று தேடத் தொடங்கும் இடத்தில் நிலவியல் பாடம் தொடங்கிவிடுகிறது.

தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடங்களில் குகை சிதறிக் கிடக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் புவியியலில் நிலத்தடி நீர் உருவாக்கும் நிலத்தோற்றமாக அது வருகிறது. வரலாற்றில் சமணர் படுக்கைகளாகவும் கல்வெட்டுகளாகவும் வருகிறது. வேதியியலில் குகை என்ற பெயரே இல்லாமல் சுண்ணாம்பு நீர்ச் சோதனையாக வருகிறது. வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு ஆசிரியர்கள் நடத்தும் இவை ஒரே பொருளின் பக்கங்கள் என்பது மாணவருக்குத் தெரிவதில்லை. இவற்றை ஒன்றுசேர்த்துக் கற்பிப்பதே குகைக் கல்வியின் முதல் தேவை.

நீர் கல்லைக் கரைக்கும் விதம்

உலகின் பெருங்குகைகளில் பெரும்பாலானவை சுண்ணாம்புப் பாறையில் அமைந்தவை. சிப்பி, பவளம், நுண்ணுயிர் ஆகியவற்றின் ஓடுகள் கடலடியில் படிந்து இறுகியதே பெரும்பாலான சுண்ணாம்புப் பாறை. அரியலூர்ப் பகுதியின் சுண்ணாம்புப் பாறைகளில் கிடைக்கும் கடலுயிர்ப் புதைபடிவங்கள், அந்த நிலம் ஒரு காலத்தில் கடலடியாக இருந்ததைக் காட்டுகின்றன. பாறையின் பிறப்பைச் சொல்லித்தர அதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை.

மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது கரைத்துக்கொண்டு விழுகிறது. மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் அதே வாயு அதில் மேலும் பல மடங்கு சேர்கிறது. இப்படி உருவாகும் மென்மையான கார்பானிக் அமிலம் பாறையின் வெடிப்புகள் வழியாகவும் அடுக்குகளின் இடைவெளி வழியாகவும் புகுந்து, பாறையிலுள்ள கால்சியம் கார்பனேட்டைக் கரைத்து எடுத்துச் செல்கிறது. மயிரிழை அளவுள்ள வெடிப்பு, பல ஆயிரம் முதல் பல லட்சம் ஆண்டுகளில் ஓர் ஆறே ஓடும் அளவுக்கு அகலமாகிறது. நிலத்தடி நீர்மட்டம் இறங்கியதும் நீர் நிறைந்திருந்த வெற்றிடத்தில் காற்று புகுகிறது. மேல்விதானம் இடிந்தால் தரையில் பள்ளம் தோன்றுகிறது. இத்தகைய குகைகளும் பள்ளங்களும் மறைந்தோடும் ஆறுகளும் கொண்ட நிலத்தோற்றம் கார்ஸ்ட் எனப்படுகிறது.

இவ்வளவு நீண்ட செயலை ஒரே சோதனைக்குழாயில் காட்டிவிடலாம். வெற்றிலைச் சுண்ணாம்பை நீரில் கலக்கித் தெளியவைத்து, மேலே நிற்கும் தெளிந்த நீரை எடுத்துக்கொள்ள வேண்டும். வினிகரில் ஆப்பசோடாவைப் போட்டு எழும் வாயுவை ஒரு குழாய் வழியாக அதில் செலுத்தினால் நீர் பால்போல் கலங்கும். அந்த வெண்மை கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புப் பாறையின் பொருள் அங்கே உருவாகியிருக்கிறது. பல ஆசிரியர்கள் சோதனையை இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். வாயுவைத் தொடர்ந்து செலுத்தினால் கலங்கிய நீர் மறுபடி தெளியும். இது பாறை கரையும் கட்டம். குகை பிறப்பது இப்படித்தான். தெளிந்த நீரைச் சூடாக்கினால் வாயு வெளியேறி மீண்டும் வெண்மை தோன்றும். குகையின் விதானத்திலிருந்து தொங்கும் கல்விழுது உருவாவது இந்த மூன்றாவது கட்டம். ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் படியும் வெள்ளைப் படிவும் பெரும்பாலும் இதே வினையின் விளைவுதான். பாறை தோன்றியது, கரைந்தது, மீண்டும் படிந்தது என்ற மூன்றையும் தன் கண்ணால் கண்ட குழந்தைக்குச் சமன்பாட்டை எழுதிக் காட்டுவது எளிது.

விழுது, முளை, தூண்

குகையின் விதானத்தில் கசியும் நீர் ஒரு துளியாகத் தொங்குகிறது. மண்ணிலிருந்து அது கொண்டுவந்த கரியமில வாயுவின் அளவு குகைக் காற்றில் உள்ளதைவிட அதிகம். எனவே வாயு துளியிலிருந்து வெளியேறுகிறது. அதுவரை கரைந்திருந்த கால்சியம் கார்பனேட்டின், அதாவது கால்சைட்டின், ஒரு பகுதி துளியின் விளிம்பில் மெல்லிய வளையமாக ஒட்டிக்கொள்கிறது. துளி விழுந்துவிடுகிறது, வளையம் தங்கிவிடுகிறது. அடுத்தடுத்த துளிகளின் வளையங்கள் சேர்ந்து, துளியின் அகலமே கொண்ட, உள்ளே துளையுள்ள மெல்லிய குழல் நீள்கிறது. துளை அடைபட்டதும் நீர் வெளிப்புறமாக வழிந்து குழல் பருத்துக் கல்விழுதாகிறது. கீழே விழுந்து தெறிக்கும் துளியில் எஞ்சியிருக்கும் கால்சைட் தரையில் படிந்து, மழுங்கிய தலையுள்ள கல்முளையாக உயர்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கல்தூண் உருவாகிறது.

இந்த வளர்ச்சி குகைக்குக் குகை மாறும். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அந்தக் கணக்கில், தஞ்சைப் பெரிய கோயில் முடிவுற்ற 1010ஆம் ஆண்டில் தொடங்கிய கல்விழுது இன்று சுமார் 10 செ.மீ. நீளம்தான் இருக்கும். ஒரு கல்விழுதை ஒடிப்பதால் என்ன இழப்பு என்று கேட்கும் மாணவருக்கு இந்தக் கணக்கே போதுமான பதில்.

தென்னிந்தியக் குழந்தைகள் இவற்றை நேரில் காண ஏற்ற இடங்கள் ஆந்திரத்தில் உள்ளன. அனந்தகிரி மலையில் கோஸ்தனி ஆற்றை ஒட்டிய போரா குகைகள் பெரிய விதானங்களுக்கும் கல்முளைகளுக்கும் பெயர்பெற்றவை. நந்தியால் மாவட்டத்தின் பேலம் குகைகள் 3,229 மீட்டர் நீளம் அளக்கப்பட்டவை. பேலமைப் பதிவு செய்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபுட், ஆண்டு 1884. அதற்கு இருபத்தோரு ஆண்டுகள் முன்பு, 1863இல், சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தவரும் அவரே. பேலமின் நீண்ட வளைந்த பாதைகளில் நடக்கும் மாணவர், அங்கே ஒரு காலத்தில் நிலத்தடி நீர் ஓடிய வழியிலேயே நடக்கிறார்.

சுண்ணாம்பு அல்லாத குகைகள்

எரிமலைக் குழம்பு ஓடும்போது மேற்பரப்பு குளிர்ந்து இறுக, உள்ளே குழம்பு தொடர்ந்து வடிந்துவிட்டால் குழாய் வடிவக் குகை மிஞ்சுகிறது. ஹவாய் தீவின் கசுமுரா இவ்வகையில் 60 கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. கடலோரப் பாறையின் பலவீனமான பகுதியை அலை இடைவிடாமல் தாக்கிக் குடையும்போது கடற்குகை தோன்றுகிறது. மணற்பாறையிலும் குகைகள் உண்டு. மேகாலயாவின் கிரெம் பூரி 24 கிலோமீட்டருக்கும் மேல் அளக்கப்பட்ட மணற்பாறைக் குகை. குகையில் எழும் முளையும் எப்போதும் சுண்ணாம்புப் படிவு அல்ல. அமர்நாத் குகையின் லிங்க வடிவம், சொட்டும் நீர் உறைந்து எழும் பனி முளை. கல்முளை உயர்வது போலவே கீழிருந்து மேலாக அதுவும் உயர்கிறது.

தமிழ்நாட்டு மலைகளில் பெரும்பகுதி கருங்கல், நைஸ், சார்னோகைட் போன்ற கரையாத பாறைகள். பாறைப் பிளவு அகலுவதாலும், பெரும்பாறைகள் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று சாய்வதாலும், பாறையின் அடிப்பகுதி சிதைந்து மேற்பகுதி கூரைபோல் நீட்டி நிற்பதாலும் இங்கே குகைகள் அமைகின்றன. இவற்றில் கல்விழுதைத் தேடினால் கிடைக்காது. ஏன் இல்லை என்று மாணவர்களையே காரணம் சொல்ல வைப்பது நல்ல வகுப்புப் பயிற்சி.

இருளில் வாழும் உயிர்கள்

குகைக்குள் ஒளி குறையக் குறைய உயிர்களும் மாறுகின்றன. ஒளி நன்றாகப் படும் வாயிலில் பெரணியும் பாசியும் வளர்கின்றன. பறவைகளும் தவளைகளும் ஒதுங்குகின்றன. அதற்கப்பால் மங்கல் பகுதி. அதையும் தாண்டினால் ஒளியே நுழையாத இருள். அங்கே பச்சைத் தாவரம் இல்லை. அப்படியானால் அங்கு வாழும் உயிர்கள் எதைத் தின்கின்றன? வெள்ளநீர் அடித்துவரும் இலைச்சருகும் வௌவால்களின் எச்சமுமே பெரும்பாலான குகைகளில் உணவுக்கு ஆதாரம். எச்சத்தைப் பூஞ்சையும் பூச்சிகளும் உண்ண, பூச்சிகளைச் சிலந்திகள் உண்கின்றன. உணவுச்சங்கிலி சூரிய ஒளியிலிருந்தே தொடங்கும் என்று படித்த மாணவருக்கு, அந்த ஒளி வௌவாலின் வழியாக இருட்டுக்குள் வந்துசேரும் விதம் இங்கே தெளிவாகிறது.

தலைமுறை தலைமுறையாக இருளில் வாழும் உயிர்களில் கண்ணும் நிறமும் குன்றுகின்றன. தொடுவுணர்வு கூர்மை பெறுகிறது. சத்தீஸ்கரில் பஸ்தரின் காங்கேர் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவிலுள்ள கோட்டும்சர் குகையில், கண் சுருங்கி நிறம் இழந்த மீன்கள் வாழ்கின்றன. ஐரோப்பாவில் ஸ்லோவேனியாவின் போஸ்டாய்னா குகையில் வாழும் ஓல்ம் என்ற பார்வையற்ற நீர்நிலவாழ் உயிர் பல பத்தாண்டுகள் வாழக்கூடியது. பரிணாமத்தைக் கற்பிக்க இவற்றைவிட நேரடியான சான்றுகள் குறைவு.

பருவமழையின் பதிவேடு

கல்முளையை நெடுக்கு வெட்டாக அறுத்தால் மெல்லிய அடுக்குகள் தெரியும். ஒவ்வோர் அடுக்கும் தான் படிந்த காலத்து மழைநீரின் தடயத்தைத் தாங்கியிருக்கிறது. அடுக்கின் வயதை யுரேனியம், தோரியம் அளவுகளைக் கொண்டு கணிக்கிறார்கள். மழை கூடியதா குறைந்ததா என்பதை ஆக்சிஜனின் எடை மிகுந்த, எடை குறைந்த அணுக்களின் விகிதம் சொல்கிறது.

மேகாலயாவின் மாவ்ம்ளு குகையில் எடுத்த ஒரு கல்முளை இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது. சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை குன்றியதை அதன் அடுக்குகள் காட்டின. அதே காலத்தில் உலகின் பல பகுதிகளிலும் வறட்சி நேர்ந்ததற்குச் சான்றுகள் உண்டு. அன்று முதல் இன்று வரையிலான நிலவியல் காலப்பகுதிக்கு 2018இல் மேகாலயன் என்ற பெயர் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. மாவ்ம்ளு குகையே அதன் அளவுகோல் இடம். மாணவர்கள் இன்று வாழ்ந்துகொண்டிருக்கும் நிலவியல் காலத்துக்கு இந்தியக் குகை ஒன்று இருக்கும் மாநிலத்திலிருந்தே பெயர் வந்தது என்ற செய்தி எல்லாப் பள்ளிகளையும் எட்ட வேண்டும்.

குகைகளில் மனித வரலாறு

ஆதிமனிதர் எல்லோரும் குகைக்குள்ளேயே வாழ்ந்தார்கள் என்பது பரவலான எண்ணம். பெரும்பாலோர் திறந்தவெளியிலும் ஆற்றங்கரையிலும் வாழ்ந்தார்கள். குகையைப் பயன்படுத்தியவர்களும் வெளிச்சம் உள்ள வாயிலருகே தங்கினார்கள். குகையில் சான்றுகள் மிகுதியாகக் கிடைப்பதற்குக் காரணம், மழையும் வெயிலும் அவற்றை அழிக்கவில்லை என்பதே. இலங்கையின் ஃபாகியன் குகையில் கிடைத்த, சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட எலும்பு அம்புமுனைகள், மழைக்காட்டில் மனிதர் வேட்டையாடி வாழ்ந்ததைக் காட்டுகின்றன. மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்காவில் மணற்பாறை ஒதுக்கிடங்களில் ஓவியங்கள் நிறைந்துள்ளன. திருவள்ளூர் மாவட்டத்தின் குடியம் குகைகள் பழைய கற்கால மக்கள் பயன்படுத்திய இயற்கை ஒதுக்கிடங்கள்.

குகை ஓவிய வரலாற்றில் ஒரு சிறுமிக்கு இடம் உண்டு. 1879இல் ஸ்பெயினின் அல்தமிரா குகையில் மார்செலினோ சான்ஸ் டி சவுத்துவோலா தரையில் கற்கருவிகளைத் தேடிக்கொண்டிருந்தபோது, உடன் வந்த எட்டு வயது மகள் மரியா தலையை உயர்த்தி விதானத்தில் காட்டெருமைகளைக் கண்டாள். கற்கால மனிதர் இவ்வளவு தேர்ச்சியுடன் வரைந்திருக்க முடியாது என்று அறிஞர் பலர் மறுத்தார்கள். முதன்மையாக மறுத்தவர்களில் ஒருவரான எமில் கார்த்தையாக் 1902இல் தம் தவற்றை எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். சவுத்துவோலா அதற்குள் இறந்துவிட்டிருந்தார். அறிவியலில் கூர்ந்து பார்ப்பதற்கு வயது தடையல்ல, சான்று வலுத்தால் கருத்தை மாற்றிக்கொள்வதே நேர்மை என்ற இரண்டையும் இந்த ஒரு நிகழ்விலிருந்து குழந்தைகள் பெறலாம்.

தமிழகத்தில் இயற்கைக் குகைகளைத் தவத்துக்கு உரிய இடமாக்கியவர்கள் சமணத் துறவியர். அவற்றில் மூன்று அடையாளங்களைக் குழந்தைகள் தாங்களே தேடிக் கண்டுபிடிக்கலாம். தரையில் வழவழப்பாகச் செதுக்கிய படுக்கை, தலைப்பக்கம் சற்று உயர்த்திய கல் தலையணையுடன் இருக்கும். மேலே நீட்டி நிற்கும் பாறையின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டும்படி வெட்டிய காடி இருக்கும். பல இடங்களில் காடியை ஒட்டியே தமிழ் பிராமி எழுத்துகள் இருக்கும். மதுரைக்கு அருகே மாங்குளத்தில் இத்தகைய கல்வெட்டுகளை ராபர்ட் சீவெல் 1882இல் கண்டறிந்தார். அவற்றில் பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயர் இருப்பதை 1965இல் ஐராவதம் மகாதேவன் படித்தறிந்தார்.

புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசலில் ஒரே குன்றில் இரண்டையும் ஒப்பிடலாம். மேலே ஏழடிப்பட்டம், படுக்கைகள் கொண்ட இயற்கைக் குகை. கீழே அறிவர் கோயில், ஓவியங்கள் கொண்ட குடைவரை. இயற்கைக் குகையின் விதானம் ஒழுங்கற்று வளைந்திருக்கும். குடைவரையின் சுவரும் கூரையும் நேர்கோட்டில் சந்திக்கும். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன வேறுபாட்டைக் குழந்தைகள் அங்கே தங்கள் கண்ணாலேயே பார்த்துத் தெளியலாம்.

மலேசியாவின் பத்துமலை, சுமார் 40 கோடி ஆண்டுகள் பழமையான சுண்ணாம்புக் குன்று. 272 படிகள் ஏறிச்சென்று முருகனைத் தொழும் பெருங்குகை கார்ஸ்ட் செயல்பாட்டின் தெளிவான எடுத்துக்காட்டு. அதன் அருகிலுள்ள இருட்குகையில், லிபிஸ்டியஸ் பட்டுயென்சிஸ் என்ற அரிய பொறிக்கதவுச் சிலந்தி வாழ்கிறது. தைப்பூசத்துக்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பக்தியோடு இந்த நிலவியலையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர முடியும். ஒன்று மற்றொன்றுக்குத் தடையல்ல.

வயதுக்கு ஏற்ற பாடம்

தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குப் புலன்களே வழி. எலுமிச்சைச் சாற்றில் முட்டை ஓடோ கிளிஞ்சலோ குமிழி விடுவதைப் பார்ப்பது, இருட்டறையில் ஒலியை மட்டும் கொண்டு திசை சொல்வது போன்றவை போதும். கரும்பலகைச் சுண்ணக்கட்டியை இதற்குப் பயன்படுத்தினால் ஏமாற்றம் நேரலாம். பல கட்டிகள் ஜிப்சத்தால் ஆனவை, அவை அமிலத்தில் பொங்குவதில்லை.

நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்குச் சலவைச் சோடாவின் செறிந்த கரைசல் ஏற்றது. இரண்டு குவளைகளில் அதை நிரப்பி, ஒரு நூல் திரியின் இரு முனைகளையும் அவற்றில் அமிழ்த்தி, நடுவே திரி தொய்யும் இடத்தில் ஒரு தட்டை வைத்தால், சில நாட்களில் திரியில் விழுதும் தட்டில் முளையும் தோன்றும். இங்கே படிவை உண்டாக்குவது நீர் ஆவியாதல். குகையிலோ முதன்மைக் காரணம் வாயு வெளியேறுதல். இந்த வேறுபாட்டை ஆசிரியர் தவறாமல் சொல்ல வேண்டும். உயர்நிலை மாணவர்கள் சுண்ணாம்பு நீர்ச் சோதனை முழுவதையும் செய்து, அளவு நாடாவும் திசைகாட்டியும் கொண்டு பள்ளி வளாகத்தையே குகைபோல் அளந்து வரைபடம் தயாரிக்கலாம். குகை ஆய்வாளர்களின் அடிப்படைத் திறன் இந்த வரைபடமே.

களப்பயணமும் காப்பும்

குகைக்குள் செல்லும் பயணம் வகுப்பறைப் பாடத்துக்குப் பின்னரே நிகழ வேண்டும். அனுமதி பெற்ற, வழிகாட்டியும் விளக்கும் உள்ள குகைகளையே பள்ளிகள் தேர்ந்தெடுக்க வேண்டும். மழைக்காலத்தில் குகைப் பயணம் கூடாது. 2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் சென்ற 12 சிறுவர்களும் பயிற்றுநரும் திடீர் வெள்ளத்தில் சிக்கினார்கள். எல்லோரும் வெளியே வர ஜூலை 10 ஆயிற்று, மீட்புப் பணியில் முன்னாள் கடற்படை வீரர் ஒருவர் உயிரிழந்தார். கொடைக்கானலின் குணா குகையில் ஆபத்து வேறு வகையானது. அது பாறைகளுக்கிடையே இறங்கும் ஆழமான பிளவுகள் கொண்ட இடம். 2006இல் அதில் விழுந்த இளைஞரை நண்பர் இறங்கி மீட்ட நிகழ்வே 2024இல் மஞ்சும்மல் பாய்ஸ் திரைப்படமாயிற்று. குகையின் வகையை அறிந்தால் அதன் ஆபத்தையும் அறியலாம் என்பதை இந்த இரு நிகழ்வுகளும் காட்டுகின்றன. வௌவால் மிகுந்த குகைகளின் எச்சத்தூசி நுரையீரலைத் தாக்கக்கூடும் என்பதால் அங்கே குழந்தைகளை அழைத்துச் செல்லக் கூடாது.

மனிதரால் குகைக்கு வரும் ஆபத்தும் பாடத்தின் பகுதியே. கையிலுள்ள எண்ணெய்ப் பசை பட்ட கல்விழுதில் புதிய படிவு ஒட்டாமல் வளர்ச்சி தடைபடலாம். பிரான்சின் லாஸ்கோ குகையை 1940இல் பதின்வயதினர் கண்டுபிடித்தார்கள். பார்வையாளரின் மூச்சுக்காற்றாலும் விளக்குகளாலும் ஓவியங்கள் கெடத் தொடங்கியதால் 1963இல் அது மூடப்பட்டு, பின்னர் அதன் மாதிரி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று பலர் கண்டு வியக்கும் பேலம் குகையும் 1980கள் வரை ஊர்க்குப்பை கொட்டும் இடமாக இருந்தது. சமணர் குன்றுகளில் இரண்டாயிரம் ஆண்டு எழுத்துகளுக்கு அருகிலேயே பெயர்களைக் கீறிவைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கார்ஸ்ட் நிலம் மனிதரின் குடிநீரோடும் தொடர்புடையது. உலக மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அத்தகைய நிலத்தின் நீரை நம்பியிருக்கிறார். மணலும் மண்ணும் வடிகட்டுவது போல் அகன்ற குகை வழிகள் நீரை வடிகட்டுவதில்லை. மேலே கொட்டும் கழிவு சில நாட்களிலேயே ஊற்றில் வந்துவிடும்.

குகைக் கல்விக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. வெற்றிலைச் சுண்ணாம்பு, கிளிஞ்சல், நூல் திரி ஆகியவை எல்லா ஊரிலும் கிடைக்கும். தேவையானது, வேதியியல், உயிரியல், வரலாற்று ஆசிரியர்கள் ஒரே வாரத்தில் ஒரே பொருளை எடுத்துக்கொள்ளும் இசைவு. அருகிலுள்ள குன்றையும் அதன் படுக்கைகளையும் முதலில் காட்டி, போராவையும் பேலமையும் அடுத்துக் காட்டி, எதையும் தொடாமலும் கீறாமலும் திரும்பப் பழக்கும் பள்ளி, நிலவியலையும் பொறுப்பையும் சேர்த்தே கற்பிக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகள் இதை அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.